வலிய அலையின் நிழலில் மெலிந்த அலை

உள்ளூரிலேயே ஆற்றல் மிக்க ஒளிபரப்புக் கோபுரம் ஒன்று நிற்க, அதன் அடிவாரத்தில் வாழும் ஒருவர், நெடுந்தொலைவிலிருந்து களைத்து வந்து சேரும் மெலிந்த தொலைக்காட்சி அலையைத் தம் வீட்டுப் பெட்டியில் பிடிக்க முடியுமா, முடியுமெனில் எந்த வழியில் என்பதே இன்றைய உரையின் பொருள்.

இந்தக் கேள்விக்குக் கடைத்தெருவில் கிடைக்கும் விடை ஒரே சொல்தான்: பூஸ்டர். படம் தெளிவில்லையா, பூஸ்டர் போடுங்கள். இன்னும் தெளிவில்லையா, அதைவிடப் பெரிய பூஸ்டர் போடுங்கள் என்பதே பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் மருந்து. அந்த மருந்து இந்த நோய்க்கு உரியதன்று என்பதையும், பல நேரங்களில் அதுவே நோயை முற்றச் செய்கிறது என்பதையும், வேண்டாத அலையை முதலில் விலக்கிவிட்டு அதன் பிறகே வேண்டிய அலையைப் பெருக்க வேண்டும் என்னும் வரிசைமுறையே இதற்கான தீர்வு என்பதையும் எடுத்துக்காட்டுகளோடு நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம்.

தமிழ்நாட்டின் தென்கடற்கரைக்கு இந்தப் பொருள் புதியதன்று. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டாலும், அதன் அலை எட்டாத தென் மாவட்டங்களுக்குத் தொலைக்காட்சி என்பது சில ஆண்டுகள் வரை செய்தித்தாளில் படிக்கும் ஒரு பொருளாகவே இருந்தது. இந்நிலையில் 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாகினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் முதன்மை ஒளிபரப்பி, அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய, 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையின் மேல் அமைந்தது. இந்தியாவும் இலங்கையும் பால் என்னும் ஒரே வண்ண முறையையும், படத்துக்கும் ஒலிக்கும் இடையே 5.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விடும் ஒரே தரத்தையும் பின்பற்றியமையால், இந்தியாவில் வாங்கிய பெட்டியிலேயே எந்த மாற்றமும் செய்யாமல் இலங்கை நிகழ்ச்சிகளைக் காண முடிந்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் நிகழ்ச்சிகள் வந்தன. தூத்துக்குடியிலும் இராமநாதபுரத்திலும் மொட்டைமாடிகளில் இரும்புக் குழாய்கள் உயர்ந்தன; அவற்றை நாற்புறமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் அலுமினியக் குச்சிகள் நிறைந்த ஆன்டெனாக்களைத் தென்கிழக்கு நோக்கி நிறுத்தினர்.

அந்த அலை எவ்வாறு அங்கே வந்தது? பூமியின் வளைவு காரணமாக, தொலைக்காட்சி அலைகள் ஓர் எல்லைக்கு அப்பால் நேராகச் சென்று சேர்வதில்லை. 2,524 மீட்டர் உயரத்திலிருந்து புறப்படும் அலைக்கு, காற்றுமண்டலம் அதைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதையும் கணக்கில் சேர்த்தால், நேர்ப்பார்வை எல்லை ஏறத்தாழ 205 கிலோமீட்டர். பெறும் ஆன்டெனா 20 மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னும் ஒரு 18 கிலோமீட்டர் கூடும். ஆனால் பிதுருதலாகலையிலிருந்து இராமேசுவரம் சுமார் 300 கிலோமீட்டர். தூத்துக்குடியோ சுமார் 350 கிலோமீட்டர். கணக்குப்படி வரக்கூடாத அலை வந்தது என்றால், அதற்குக் காரணம் இடையே கிடந்த மன்னார் வளைகுடா. காற்று அடங்கிய வெப்பமான மாலை வேளைகளில் கடலின் மேல் ஈரம் மிகுந்த காற்றுப்படலம் கீழேயும் உலர்ந்த வெப்பப்படலம் மேலேயும் படியும்போது, அவற்றின் எல்லையில் அலை மேலே தப்பிச் செல்லாமல் மீண்டும் மீண்டும் கீழ்நோக்கித் திரும்பி, கடற்பரப்பை ஒட்டியே நெடுந்தூரம் செல்கிறது. இதனைக் குழாய்வழிப் பரவல் என்பர். படலம் கலைந்தால் அலையும் கலையும். ஒரு நாள் கண்ணாடிபோல் தெரிந்த படம் மறுநாள் புள்ளிகளாக உதிர்ந்ததன் காரணம் பெட்டியில் இல்லை, வளைகுடாவின் மேலிருந்த காற்றில் இருந்தது.

இதுவரை சொன்னது மெலிந்த அலையின் கதை. வலிய அலை எப்போது வந்து சேர்ந்தது? 1980-களின் இடைப்பகுதியிலிருந்து தூர்தர்ஷன் தன் அஞ்சல் நிலையங்களை ஊர்தோறும் பரப்பியது. கொடைக்கானல் மலைமேல் உயராற்றல் ஒளிபரப்பி அமைந்தது. பின்னர் இராமேசுவரம் தீவிலேயே 323 மீட்டர் உயரமுள்ள காங்கிரீட் கோபுரம் எழுந்தது. உள்ளூர் நிகழ்ச்சி துல்லியமாகக் கிடைத்தது என்பதில் மகிழாதவர் இல்லை. ஆனால் அதே நாளிலிருந்து, இலங்கை அலையைத் தேடிக்கொண்டிருந்த பெட்டிகளில் புதுவகைக் கோளாறுகள் தோன்றத் தொடங்கின. வேண்டிய படத்தின் பின்னே உள்ளூர் நிலையத்தின் படம் ஆவிபோல் மிதந்தது. ஒரு செங்குத்துப் பட்டை திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்ல நகர்ந்தது. சாய்வான கோடுகள் பின்னல் போல் படர்ந்தன. ஒலியில் உறுமல் கலந்தது. அலை மெலிந்திருந்தால் திரையில் புள்ளிகள் மட்டுமே தெரியும். பட்டையும் பின்னலும் ஆவிப்படமும் தெரிந்தால் அங்கே நோய் வேறு. இந்த வேறுபாட்டைக் கண்ணால் கண்டறிவதே சிகிச்சையின் முதற்படி.

அந்த நோய் யாது? திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கியின் அருகே நிற்கும் ஒருவர், தெருக்கோடியில் ஒருவர் பேசுவதைக் கேட்பதற்காகக் காதுக்கருவியின் ஒலியளவைக் கூட்டினால் என்ன நேரும்? தெருக்கோடிப் பேச்சு கேட்காது, காதுதான் அதிரும். பூஸ்டர் செய்வதும் அதுவே. பூஸ்டர் என்பது டிரான்சிஸ்டரால் அமைந்த ஒரு பெருக்கி. அதற்கு இது வேண்டியது, இது வேண்டாதது என்னும் பகுப்பு தெரியாது. ஆன்டெனா தருவதை எல்லாம் பெருக்கும். உள்ளே வரும் அலை சிறியதாக இருக்கும்வரை அது நேர்விகிதத்தில் பெருக்குகிறது. ஓர் அளவை மீறினால் அதன் நேர்விகிதம் குலைந்து, அலைகள் ஒன்றோடொன்று கலந்து, ஆன்டெனாவில் இல்லாத புதிய அலைகள் பெருக்கிக்குள்ளேயே பிறக்கின்றன. இதனை இடைக்கலப்பு என்பர். கொடைக்கானல் பண்பலை வானொலி 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. அளவு மீறிய பூஸ்டருக்குள் அதன் இருமடங்கு பிறந்தால் அது 201 மெகாஹெர்ட்ஸ். அந்த இடம் தொலைக்காட்சியின் மூன்றாம் அலைக்கற்றையில், 195 முதல் 202 வரை விரியும் எட்டாம் சேனலுக்குள் விழுகிறது. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் என்ன தொடர்பு என்று வியப்பவர்க்கு இந்த ஒரு கூட்டல் போதும். வானில் 201 மெகாஹெர்ட்ஸில் எதுவும் இல்லாமல் இருக்கலாம், பூஸ்டருக்குள் இருக்கிறது.

பூஸ்டரை எடுத்துவிட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் ட்யூனர், அதாவது வேண்டிய சேனலைத் தேர்ந்தெடுக்கும் பகுதி, வலிய அலை ஒன்றைக் கண்டதும் தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தன் பெருக்கத்தைத் தானே குறைத்துக்கொள்ளக்கூடியது. வலிய அலை வேறு சேனலில் இருந்தாலும், அந்தக் குறைப்பு மெலிந்த அலைக்கும் சேர்த்தே நிகழ்ந்தால், மெலிந்தது மேலும் மெலிந்து இரைச்சலுக்குள் மூழ்குகிறது.

இங்கே அளவுகளைச் சற்றே நிதானமாகப் பார்க்க வேண்டும். அலைகளின் வலிமை டெசிபல் என்னும் அலகால் ஒப்பிடப்படுகிறது. 10 டெசிபல் என்றால் ஆற்றலில் 10 மடங்கு; 20 என்றால் 100 மடங்கு; 30 என்றால் 1,000 மடங்கு. ஒருவர் வீட்டிலிருந்து உள்ளூர்க் கோபுரம் 2 கிலோமீட்டரிலும், விரும்பும் நிலையம் 100 கிலோமீட்டரிலும் இருக்கின்றன என்று கொள்க. இரண்டும் ஒரே ஆற்றலில் ஒளிபரப்பினாலும், தொலைவு 50 மடங்கு ஆகையால் வரும் ஆற்றல் 2,500 மடங்கு குறைகிறது. இது 34 டெசிபல். இடையில் மலையோ பூமியின் வளைவோ குறுக்கிட்டால் மேலும் 30, 40 டெசிபல் எளிதாகப் போய்விடும். ஆக, வேண்டியதற்கும் வேண்டாததற்கும் இடையே 74 டெசிபல் வேறுபாடு நேர்ந்தால், அது 2.5 கோடி மடங்கு. 2.5 கோடி மடங்கு வலிய ஒன்றின் பக்கத்தில் ஒன்றைத் தேடுகிறோம் என்று உணர்ந்தவர் பூஸ்டர் கடைக்கு முதலில் போக மாட்டார்.

அப்படியெனில் முதலில் எங்கே போக வேண்டும்? மொட்டைமாடிக்கு.

ஆன்டெனாவே முதல் வடிகட்டி. வீடுகளின் மேல் காணப்படும் ஆன்டெனா, ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி ஆகியோர் 1920-களில் உருவாக்கியது; உழைப்பில் பெரும்பங்கு உடாவுடையது, உலகில் நிலைத்த பெயரோ யாகியுடையது. நடுவே அலையைப் பெறும் மடிப்பு இருமுனை, பின்னே அலையைத் திருப்பி அனுப்பும் நீண்ட குச்சி, முன்னே அலையை வழிநடத்தும் குட்டையான குச்சிகள் என்பதே அதன் அமைப்பு. முன்னிருந்து வரும் அலையோடு ஒப்பிட, பின்னிருந்து வரும் அலையை அது 15 முதல் 20 டெசிபல் வரை தாழ்த்திப் பெறுகிறது. இதனை அறிந்தவர் பலர். ஆனால் இதைவிடப் பயனுள்ள மற்றொரு பண்பைப் பலர் கவனிப்பதில்லை. ஆன்டெனாவின் முகப்பு அகலமானது. பத்துப் பாகை இப்பால் அப்பால் திருப்பினாலும் முன்னிருந்து வரும் அலையில் பெரிய மாற்றம் தெரியாது. அதன் பக்கங்களிலும் பின்புறத்திலும் இருக்கும் அலைபெறாத் திசைகளோ மிகக் கூர்மையானவை. சில பாகை திருப்பினாலே அங்கிருந்து வரும் அலை பல மடங்கு கூடவோ குறையவோ செய்யும். ஆகவே ஆன்டெனாவைத் திருப்புகிறவர், மெலிந்த நிலையத்தை நோக்கி அதைத் துல்லியமாக நிறுத்துவதில் காட்டும் அக்கறையைவிட, வலிய நிலையம் அந்தக் கூரிய பள்ளங்களில் ஒன்றில் விழுமாறு நிறுத்துவதில் மிகுந்த அக்கறை காட்ட வேண்டும். திரையில் விருப்பமான படத்தைப் பார்த்துத் திருப்பாமல், குறுக்கிடும் பட்டை மறையும் இடம் பார்த்துத் திருப்ப வேண்டும்.

தூத்துக்குடிக்கு இவ்வகையில் ஒரு நற்பேறு வாய்த்திருந்தது. அங்கிருந்து பிதுருதலாகலை தென்கிழக்கே; கொடைக்கானலோ வடக்குக்குச் சற்று மேற்கே. இரு திசைகளுக்கும் இடைக்கோணம் ஏறத்தாழ 147 பாகை. இலங்கையை நோக்கிய ஆன்டெனா தானாகவே கொடைக்கானலுக்கு முதுகு காட்டியது. இராமேசுவரத்தில் அந்த நற்பேறு வீட்டுக்கு வீடு மாறியது. கோபுரத்துக்குத் தென்கிழக்கே குடியிருப்பவருக்குக் கோபுரம் முதுகுப்பக்கம்; அவருக்கு ஆன்டெனா உதவும். கோபுரத்துக்கு வடமேற்கே குடியிருப்பவருக்கோ கோபுரமும் பிதுருதலாகலையும் ஒரே நேர்க்கோட்டில், ஒரே திசையில். அவர் எவ்வளவு நல்ல ஆன்டெனா வாங்கினாலும், அது வேண்டியதை ஏற்கும் முகத்தாலேயே வேண்டாததையும் ஏற்கும். ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒருவர் வீட்டில் தெரிந்த படம் மற்றவர் வீட்டில் தெரியாமல் போவதற்கு ஆன்டெனா கட்டியவரின் திறமையைக் குறை சொல்வது பெரும்பாலும் அநியாயம்.

இரு திசைகளும் நெருங்கியிருந்தாலும் முற்றிலும் ஒன்றாக இல்லாத இடங்களில், ஒரே வகையான இரண்டு ஆன்டெனாக்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, ஒரே நீளமுள்ள கம்பிகளால் இணைக்கும் அழகிய முறை ஒன்று உண்டு. நேர் முன்னிருந்து வரும் அலை இரண்டையும் ஒரே கணத்தில் அடைவதால் இரண்டின் பங்கும் கூடுகிறது. பக்கத்திலிருந்து சாய்ந்து வரும் அலையோ ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் அடைகிறது. அந்தத் தாமதம் சரியாக அரை அலைநீளம் ஆகுமாறு இடைவெளி வைத்தால், ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்து அலை அழிந்துவிடுகிறது. எடுத்துக்காட்டாக, உள்ளூர் நிலையம் 200 மெகாஹெர்ட்ஸில் இயங்கினால் அதன் அலைநீளம் 1.5 மீட்டர். அது விரும்பும் திசையிலிருந்து 30 பாகை விலகியிருந்தால், இரு ஆன்டெனாக்களையும் 1.5 மீட்டர் இடைவெளியில் நிறுத்தினால் போதும். தாமதம் 75 சென்டிமீட்டர், அதாவது அரை அலைநீளம். ஒரு டிரான்சிஸ்டர்கூட இல்லாமல், அளவுநாடாவும் கணக்குமே கொண்டு வலிய அலையை வாயிலிலேயே நிறுத்திவிட முடிகிறது என்பது வியந்து போற்றத்தக்கது.

திசையால் பிரிக்க முடியாததை அதிர்வெண்ணால் பிரிக்க வேண்டும். இதுவே வடிகட்டியின் வேலை. பழுதுபார்க்கும் தொழிலில் நெடுங்காலமாக அறியப்பட்ட எளிய வடிகட்டி, 300 ஓம் ரிப்பன் வயரின் ஒரு துண்டே. அதன் ஒரு முனையை ஆன்டெனா வயர் சேரும் திருகாணிகளில் இணைத்து, மறுமுனையை ஒன்றோடொன்று படாமல் திறந்தே விட்டால், அந்தத் துண்டு கால் அலைநீளமாக இருக்கும் அதிர்வெண்ணை அது குறுக்குச்சுற்றாக்கி விழுங்கிவிடும். முதல் அலைக்கற்றையின் நான்காம் சேனலில் படத்தைச் சுமக்கும் அலை 62.25 மெகாஹெர்ட்ஸ். வயருக்குள் அலை சற்று மெதுவாகச் செல்வதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ ஒரு மீட்டர் வயர் போதும். சற்று நீளமாகவே வெட்டி இணைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே, முனையிலிருந்து அரை அரைச் சென்டிமீட்டராக நறுக்கிக்கொண்டு வந்தால், ஓரிடத்தில் உள்ளூர் நிலையம் திடீரென மங்கும். அங்கே கத்தரியைக் கீழே வைத்துவிட வேண்டும். ஆயினும் ஓர் எச்சரிக்கை: அதே துண்டு மும்மடங்கு அதிர்வெண்ணாகிய 186.75 மெகாஹெர்ட்ஸையும் விழுங்கும். அது ஆறாம் சேனல். விரும்பும் நிலையம் அந்த அண்டையில் இருப்பின், சுருள்களாலும் மின்தேக்கிகளாலும் அமைந்த, உயர் அதிர்வெண்ணை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டியே தக்கது.

இதன் பிறகே, வடிகட்டியைக் கடந்த பிறகே, பூஸ்டருக்கு இடம் உண்டு. தேவையான பூஸ்டர் எது? பெருக்கம் மிகுந்தது அன்று. தன்னுடைய இரைச்சல் குறைந்ததும், வலிய அலையைத் தாங்குவதும் ஆகிய ஒன்று. தொடரில் முதலில் நிற்கும் பெருக்கியின் இரைச்சலே முழுத் தொடரின் தரத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்கிறது என்பதை ஹரால்டு ஃப்ரீஸ் 1944-இல் கணிதமாக்கினார். ஆகவே பூஸ்டர் பெட்டியருகில் இருப்பதைவிட ஆன்டெனாவின் அருகே, கம்பி இழப்புக்கு முன்னே இருப்பது மேல். ஆனால் அங்கும் அதற்கு முன்னே வடிகட்டி இருக்க வேண்டும்.

மற்றொரு கருவியும் உண்டு. அது அலையைக் குறைப்பது. அதனால் கடைகளில் அதைக் கேட்பவர் குறைவு. தணிப்பி எனப்படும் அது மூன்றே மின்தடைகளால் ஆனது. 75 ஓம் கம்பியில் 10 டெசிபல் குறைக்க இரு 144 ஓமும் ஒரு 107 ஓமும் போதும். மெலிந்த அலையைத் தேடுபவர் அலையை மேலும் குறைப்பதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இடைக்கலப்பால் பிறக்கும் மூன்றாம் வரிசைப் பொய்யலைகளுக்கு ஒரு பண்பு உண்டு: உள்ளே வரும் அலையை 10 டெசிபல் குறைத்தால் அவை 30 டெசிபல் குறைகின்றன. வேண்டிய அலை 10 குறைய, குறுக்கீடு 30 குறைய, நிகர இலாபம் 20 டெசிபல், அதாவது 100 மடங்கு. குறைத்ததால் தெளிந்த படம்! இந்தத் தணிப்பியை இணைத்ததும் படம் தெளிந்தால் நோய் மிகைச்சுமை; படம் மேலும் மங்கினால் நோய் மெலிவு. ஐந்து நிமிடத்தில் இதைவிட நம்பகமாக நோயறியும் சோதனை வேறில்லை.

எண்ம ஒளிபரப்பு வந்தபின் இந்தச் சிக்கல் தீர்ந்ததா? தீரவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், குடியிருப்புகள் சூழ்ந்த குன்றின் மேல் 298 மீட்டர் உயரமுள்ள சூட்ரோ கோபுரம் நிற்கிறது. 1973 ஜூலை 4 முதல் நகரின் பல தொலைக்காட்சி நிலையங்கள் அதிலிருந்து ஒளிபரப்பாகின்றன. சாக்ரமென்டோ நகருக்கான நிலையங்களோ சுமார் 100 கிலோமீட்டர் வடகிழக்கே, வால்நட் குரோவ் என்னுமிடத்தில் 600 மீட்டரைத் தொடும் கம்பங்களிலிருந்து ஒளிபரப்புகின்றன. அங்கே ஒவ்வொரு நகரின் நிலையமும் தன் பகுதிச் செய்தியையும், சில வேளைகளில் வேறு விளையாட்டுப் போட்டியையும் தருவதால், அண்டை நகரின் அலையைத் தேடுவோர் உண்டு. கோபுரத்தடியில் வாழ்பவர் அந்த அலையைத் தேடும்போது நேர்வது என்ன? 20-ஆம் சேனலும் 24-ஆம் சேனலும் உள்ளூரில் வலியவை எனக் கொண்டால், இடைக்கலப்பு 16-ஆம் சேனலிலும் 28-ஆம் சேனலிலும் குப்பையைக் கொட்டும். ஆனால் திரையில் பட்டையோ பின்னலோ ஆவியோ தெரியாது. அமெரிக்க எண்மத் தரத்தில் அலை, இரைச்சலைவிட ஏறத்தாழ 15 டெசிபல் மேலே இருக்கும்வரை படம் முழுமை; அதற்குக் கீழே இறங்கினால் வெறுந்திரை. மெலிவால் வந்த வெறுமையும் மிகையால் வந்த வெறுமையும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. 2009 ஜூன் 12 அன்று அந்நாட்டின் முழு ஆற்றல் நிலையங்கள் எண்மத்துக்கு மாறின. பின்னர் 2020-க்குள் 37-ஆம் சேனலுக்கு மேற்பட்ட இடம் கைப்பேசிக்குத் தரப்பட்டு, நிலையங்கள் மேலும் நெருக்கி அடுக்கப்பட்டன. வலியதும் மெலிந்ததும் அடுத்தடுத்த சேனல்களில் அமர்வது இதனால் கூடியது. அடுத்தடுத்த சேனல்களை வீட்டு வடிகட்டியால் பிரிப்பது அரிது. அங்கே மீண்டும் ஆன்டெனாவின் கூரிய பள்ளமே துணை.

அவையோரே, இந்தியாவில் தூர்தர்ஷனின் தரைவழி ஒப்புமை ஒளிபரப்பு பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது. மொட்டைமாடிக் குழாய்களில் பல இன்று துணி உலர்த்தும் கொடிக்கம்பங்கள் ஆகிவிட்டன. எந்தத் தெருவில் எந்தத் திசை, எந்தச் சேனலுக்கு எத்தனை அங்குல ரிப்பன் வயர், எந்த மாதத்தில் எந்த மாலையில் கடல் வழிவிட்டது என்பதெல்லாம் தென்கடற்கரையின் ஆன்டெனா மெக்கானிக்குகளின் நினைவில் மட்டுமே இருக்கிறது, நூலாக வரவில்லை. கைப்பேசிக் கோபுரங்களின் நடுவே கருவிகளை வடிவமைக்கப் போகும் மாணவர்களுக்கு அந்த அறிவு நேரடியாகப் பயன்படும். எனவே தூத்துக்குடி, இராமநாதபுரம், நாகப்பட்டினம் பகுதிகளின் பொறியியல் மாணவர்கள் தம் ஊரின் மூத்த மெக்கானிக் ஒருவரையேனும் இந்த விடுமுறையில் சந்தித்து, அவர் சொல்லும் அளவுகளையும் திசைகளையும் தேதிகளையும் எழுதி வாங்கி, தம் கல்லூரி நூலகத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.